'மே'யும் 'ஷல்'லும்

மதுரை கே.கே. நகரில், மேலூர்ச் சாலையின் இரைச்சல் சற்றே அடங்கிக் கேட்கும் தெருக்களில், மாலை வேளையில் நடந்து சென்றால், கையில் குறிப்பேடும் கண்ணில் கவலையுமாக அமர்ந்திருக்கும் இளைஞர் சிலரைக் காணலாம். தேர்வுக்குப் படிப்பவர்கள். ஒரு புறம் ஆங்கிலச் சொல், மறுபுறம் அதன் பொருள் என வரிசையாக எழுதி, உருப்போட்டுக்கொண்டிருப்பர். சட்டம் பயிலும் தங்கை ஒருவர் அண்மையில் தம் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார். நூற்றுக்கணக்கான சொற்கள்! நாவிலே நுழைய மறுப்பவை, நான்கு அசையும் ஐந்து அசையுமாக நீண்டு கிடப்பவை, அலுவலகக் கோப்புக்கும் அறமன்றத் தீர்ப்புக்கும் மட்டுமே உரியவை. உழைத்துத்தான் சேர்த்திருந்தார்.

"இவற்றுள், தமிழ்நாடு உயிரை விலையாகக் கொடுத்துப் பொருள் கற்ற சொல் எது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன்.

ஏட்டைப் புரட்டினார், தேடினார், விழித்தார். அந்தச் சொல் ஏட்டில் இல்லை! இருக்காது. எல்லோருக்கும் தெரிந்த சொல், எளிய சொல், ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் அறிந்த சொல் என்று விட்டுவிட்டார். ஆங்கிலத்தில் அதற்கு மூன்றே எழுத்து. தமிழில் எழுதினால் ஒன்றே ஒன்று. 'மே' என்பது அச்சொல்.

(நன்னூலார் கணக்கிட்டுத் தந்த நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளுள் 'மே' என்பதும் ஒன்று. அதற்கு மேன்மை என்றும் அன்பு என்றும் பொருள் கூறுவர். நாம் பேசப்போகும் 'மே'யில் அவ்விரண்டையும் தேடவேண்டா!)

எளிய சொல்தான். ஆனால், தோழர்களே, எளிய சொல்லிலே ஏமாந்தவர் எத்தனை பேர்! கடினமான சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டுகிறோம். எளிய சொல்லைக் கண்டால் தலையை ஆட்டிவிடுகிறோம். ஆள வந்தவர்கள் இதை நன்கறிவர்.

நம் மொழியிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள். "நீ உள்ளே வரலாம்" என்கிறோம். அது இசைவு. "இன்று மழை வரலாம்" என்கிறோம். அது ஐயம். சொல்லின் ஈறு ஒன்றே, பொருளோ இரண்டு. மழை வரலாம் என்றால் வராமலும் போகலாம் என்பதை எழுத்தறியாத உழவனும் அறிவான். வானத்தை நம்பி வரப்பைக் கட்டாமல் இருக்க மாட்டான் அவன். ஆங்கிலத்து 'மே'யும் அப்படிப்பட்டதே. இசைவைக் காட்டும், ஐயத்தைக் காட்டும், நம் வியங்கோளைப் போல வாழ்த்தவும் செய்யும். ஒரு சொல், மூன்று முகம்!

'ஷல்' என்பதன் கதை வேறு. பள்ளியிலே ரென்–மார்ட்டின் இலக்கணம் பயின்றவர்களுக்கு அந்தப் பாடம் நினைவிருக்கும். தன்மையிடத்தில் 'ஷல்' வந்தால் வெறும் எதிர்காலம். முன்னிலையிலும் படர்க்கையிலும் வந்தால் கட்டளை. "நான் வருவேன்" என்பதற்கும் ஒரு 'ஷல்'. "அவன் வந்தே தீரவேண்டும்" என்பதற்கும் ஒரு 'ஷல்'. சட்டங்கள் தன்மையிலே பேசுவதில்லை, படர்க்கையிலேதான் பேசும். ஆகவே சட்டத்தில் 'ஷல்' என்று கண்டால் அது கட்டளை என்றே கொள்வது வழக்கம். 'மே' என்று கண்டால், உரிமை ஒருவர் கையில், விருப்பமும் அவர் கையில் என்றே கொள்வது வழக்கம்.

இலக்கணம் இவ்வளவுதான். இனி வரலாறு.

1949ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், அரசியல் நிர்ணய சபை, மத்திய அரசின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தி என முடிவு செய்தது. 1950 சனவரி 26இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 343ஆம் பிரிவில், முதல் உட்பிரிவு இந்திக்கு அரியணை அளித்தது. இரண்டாம் உட்பிரிவு, பதினைந்து ஆண்டுக் காலத்துக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்பட்டு வரும் என்றது. அங்கே எழுதப்பட்ட சொல் எது? 'ஷல்'! பதினைந்து ஆண்டுக்கு ஆங்கிலத்தை எவரும் அசைக்க முடியாது என்ற கட்டளை அது. மூன்றாம் உட்பிரிவு, அந்தக் காலம் கடந்த பின்னும் ஆங்கிலம் தொடரப் பாராளுமன்றம் சட்டம் செய்ய இடமளித்தது. அங்கே எழுதப்பட்ட சொல் 'மே'.

பதினைந்து ஆண்டு என்பது கேட்பதற்கு நீண்ட காலம். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐந்து ஆண்டு போயிற்று. 1955இல் கேர் தலைமையில் ஆட்சிமொழிக் குழு அமைந்தது. மறு ஆண்டு அது அறிக்கை தந்தபோது, சென்னையின் டாக்டர் சுப்பராயனும் வங்கத்தின் அறிஞர் சுனிதி குமார் சட்டர்சியும் மாறுபட்ட கருத்தைத் தனியே எழுதினர். இந்தி பேசாத மக்களின் உள்ளத்தில் கலக்கம் வளர்ந்தது. 1959 ஆகஸ்டு 7ஆம் நாள், பண்டித நேரு மக்களவையில் எழுந்து, இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரையில் ஆங்கிலம் துணைமொழியாக இருந்துவரும், முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்களே என்று உறுதி கூறினார்.

அது உயர்ந்த உறுதிமொழி என்பதை மறுப்பதற்கில்லை. நேருவின் நேர்மையை ஐயுறவும் தேவையில்லை. ஆனால் உறுதிமொழி என்பது ஒரு மனிதரின் வாயிலிருந்து வருவது. அம்மனிதர் உள்ளவரை நிற்பது. ஆகவே அதைச் சட்டமாக்குக என்று கேட்டது தமிழகம்.

சட்டம் வந்தது, 1963இல். ஆட்சிமொழி மசோதாவைக் கொண்டுவந்தவர் அன்றைய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாத்திரி. அதன் மூன்றாம் பிரிவைப் படித்தார்கள். பதினைந்து ஆண்டு முடிந்துவிட்டபோதிலும், குறித்த நாள் முதற்கொண்டு, இந்தியோடு கூட ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட... என்ன? 'வேண்டும்' என்றா இருந்தது? இல்லை. 'லாம்' என்றிருந்தது! அரசியல் சட்டத்திலே 'ஷல்' இருந்த இடத்தில், புதிய மசோதாவிலே 'மே' வந்து அமர்ந்திருந்தது. உறுதிமொழியை உலோகத்தில் வார்த்துத் தாருங்கள் என்று கேட்டவர்களுக்கு, மெழுகிலே வார்த்துத் தந்தார்கள்.

அப்போது அறிஞர் அண்ணா மாநிலங்களவை உறுப்பினர். 1962 தேர்தலில் காஞ்சியில் தோற்று, அதே ஆண்டில் அந்த அவைக்குச் சென்றிருந்தார். அவரும் மக்களவையில் இருந்த கழக உறுப்பினர்களும் எழுப்பிய கேள்வி மிகச் சிறியது. 'மே' என்பதற்குள் 'மே நாட்' என்பதும் அடங்கியிருக்கிறதே. தொடரலாம் என்றால் தொடராமலும் விடலாம் என்று நாளை ஒருவர் பொருள் கொண்டால் என் செய்வது? இது கேள்வி. இந்த இடத்தில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்றே பொருள் என்றார் பிரதமர் நேரு. இரண்டுக்கும் பொருள் ஒன்றானால், 'ஷல்' என்றே எழுதிவிட என்ன தடை என்று திருப்பிக் கேட்டனர் கழகத்தார்.

நண்பர்காள், அந்தக் கேள்விக்கு ஏற்ற விடை இன்றுவரை எனக்குக் கிட்டவில்லை. பகுத்தறிவு என்பதே இப்படிக் கேட்பதுதானே! பெரியவர் சொன்னார் என்பதால் ஒன்று மெய்யாகிவிடுவதில்லை. பெரியவர் பொய் சொல்லமாட்டார் என்பதாலும் ஆகிவிடுவதில்லை. ஏட்டிலே எழுதியிருப்பது எது, அதைப் படிக்கப்போகிறவர் யார், அவருக்கு எந்தப் பொருள் நலம் பயக்கும் என்பவையே கேட்கத்தக்கவை.

அரசின் பக்கத்திலும் ஒரு வாதம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஆங்கிலத்தின் மீது விழவிருந்த தடையை நீக்குவதே சட்டத்தின் வேலை. தடையை நீக்குகிறவன் 'செய்யலாம்' என்றுதான் சொல்வான், 'செய்தே தீர்க' என்று சொல்லமாட்டான் என வாதிடலாம். வாதம் பிழையன்று. ஆனால் தமிழகம் கேட்டது தடை நீக்கத்தையா? காப்பை அல்லவா! பசித்தவன் சோறு கேட்கிறான். "நீ உண்ணுவதை நான் தடுக்கமாட்டேன்" என்று விடை சொன்னால், அதற்குப் பெயர் விருந்தா?

சட்டநூல் வல்லாரைக் கேட்டால், இந்த இரு சொற்களின் கதை இன்னும் வேடிக்கையானது. 1880இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் முன் ஒரு வழக்கு வந்தது. தம் ஊர்க் குருவின் வழிபாட்டு முறை சட்டத்துக்கு மாறானது என்று ஒருவர் ஆக்சுபோர்டு ஆயரிடம் முறையிட்டார். ஆயர் விசாரணைக் குழு அமைக்க மறுத்தார். அமைத்தே தீரவேண்டும் என்று வழக்கு. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்திலே 'ஷல்' இருக்கத்தான் செய்தது. ஆனால் 'ஆயர் அவ்வாறு செய்வது சட்டப்படி செல்லும்' என்ற பொருளில் இருந்தது. அது கட்டளையன்று, இசைவே என்று தீர்ப்பாயிற்று. ஆயர் வென்றார். எனினும் அந்தத் தீர்ப்பிலே ஒரு நெறியும் கூறப்பட்டது. ஓர் அதிகாரம் யாருடைய நன்மைக்காகத் தரப்பட்டதோ, அவருக்கு அதைக் கேட்டுப்பெறும் உரிமை இருக்குமானால், அங்கே அதிகாரம் கடமையாகிவிடும், 'மே' என்பது 'ஷல்' ஆகிவிடும் என்பது அந்நெறி.

இங்கே நம் உச்சநீதிமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். அரசு ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்குமுன் தேர்வாணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 320ஆம் பிரிவு 'ஷல்' போட்டுச் சொல்கிறது. முறைப்படி கலந்துகொள்ளாமலே ஒருவரைப் பதவியில் இறக்கியது உத்தரப் பிரதேச அரசு. வழக்கு உச்சநீதிமன்றம் போயிற்று. 1957இல் தீர்ப்பு: இந்த 'ஷல்' கட்டாயமன்று, வழிகாட்டுவதே! அதே உத்தரப் பிரதேசம், 1963இல் வேறொரு வழக்கு. ஊழியர் தாமே வேண்டிக்கொண்டால் அவர் வழக்கை ஆளுநர் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்று விதி. தீர்ப்பு: இந்த 'மே' என்பதற்கு 'ஷல்' என்றே பொருள்! ஆக, 'ஷல்' என்பது 'மே'யாகவும், 'மே' என்பது 'ஷல்' ஆகவும் மாறும் உலகம் அது. இந்தத் தொல்லை வேண்டா என்றுதான் தென்னாப்பிரிக்கா தன் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் 'ஷல்' என்பதைக் கைவிட்டு 'மஸ்ட்' என்று எழுதிற்று.

அப்படியானால் நேரு சொன்னது சரிதானோ என்று கேட்பீர்கள். இல்லை. இந்தத் தீர்ப்புகள் எல்லாம் ஒன்றையே காட்டுகின்றன. சொல்லுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, சொல் அவருடையது! 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் 'ஆங்கிலம் தொடரட்டும்' என்று கேட்டுப்பெறும் உரிமை எந்த மாநிலத்துக்கும் தரப்படவில்லை. சென்னைக்கும் இல்லை, வங்கத்துக்கும் இல்லை. பாராளுமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவர் வைத்ததே பொருள்.

மக்களவை 1963 ஏப்ரல் 27இல் மசோதாவை நிறைவேற்றியது. சொல் மாறவில்லை. குடியரசுத் தலைவர் ஒப்பம் இட்டது மே மாதம் 10ஆம் நாள். 'மே' சட்டம் மே மாதத்திலேயே பிறந்தது!

அதன்பின் ஒரு வியப்பு நிகழ்ந்தது. பாராளுமன்றத்திலே படித்தவர்கள் வாதிட்ட அந்தச் சொல், தமிழகத்தின் தெருவுக்கு வந்தது. ஆங்கிலம் அறியாத மக்கள் கூடிய கூட்டங்களிலே, 'மே' என்றால் என்ன, 'ஷல்' என்றால் என்ன என்று விளக்கப்பட்டது. அகராதியைத் தொடாத கைகள் தட்டின. அண்ணா 1963 நவம்பரில், அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியைக் கொளுத்தும் போராட்டத்தில் கைதாகி, ஆறு மாதத் தண்டனை பெற்றார். 1964 சனவரி 25இல் கீழப்பழுவூர்ச் சின்னசாமி திருச்சியில் தம் உடலுக்குத் தீயிட்டு மாண்டார். அந்த வழியை நான் ஏற்கவில்லை. ஒரு சொல்லுக்காகப் போராட உயிரோடு இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் அந்த மனிதரின் துன்பத்தை எள்ளி நகையாடியவர்களை எண்ணும்போது, இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

1964 மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். 'மே'க்குப் பொருள் 'ஷல்' என்று சொன்ன வாய் மூடிற்று. எட்டே மாதத்தில் வந்தது, 1965 சனவரி 26.

கே.கே. நகரிலிருந்து வையையைக் கடந்து நகருக்குள் சென்றால் மாசி வீதிகள். சனவரி 25இல் மதுரை மாணவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டனர். கா. காளிமுத்து, நா. காமராசன் என்ற இரு மாணவர்கள் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை எரித்துக் கைதாயினர். வடக்கு மாசி வீதியில், காங்கிரஸ் அலுவலகத்தின் அருகே மாணவர்க்கும் கட்சிக்காரர்க்கும் மூண்ட பூசல் பெருங்கலவரமாயிற்று. மதுரையில் பற்றிய தீ மாநிலமெங்கும் பரவிற்று. கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் ஆகியோர் தீக்குளித்தனர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலர் துப்பாக்கிக்கு இரையானார். மாண்டவர் ஏறத்தாழ எழுபது பேர் என்றது அரசுக் கணக்கு. அதிலே காவலர் இருவரும் அடக்கம். அவர்களையும் சேர்த்தே எண்ணவேண்டும். அவர்கள் வீட்டிலும் அழுதவர்கள் இருந்தார்கள்.

பிப்ரவரி 11இல் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். அன்றிரவே, பிரதமராக இருந்த சாத்திரி வானொலியில் பேசினார். நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். மீண்டும் உறுதிமொழி! சட்டத்தில் எழுதிவிட்டிருந்தால் வானொலியில் பேசவேண்டிய தேவையே எழுந்திராதே!

1967 மார்ச்சு 6இல் அண்ணா முதலமைச்சரானார். அந்த ஆண்டின் இறுதியில் பாராளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. 1968 சனவரியில் ஒப்பம் பெற்று அது சட்டமாயிற்று. இங்கேதான், இளைஞர்காள், சொல் கற்பவர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். 'மே' என்பதை எடுத்துவிட்டார்களா? எடுக்கவில்லை! மூன்றாம் பிரிவின் தொடக்கத்தில் அந்த 'மே' இன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அதைச் சுற்றி வேலி கட்டினார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு தொடர்புகொள்ள ஆங்கிலமே பயன்பட வேண்டும் என்று ஒரு 'ஷல்'. இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் போதும் என்று தீர்மானம் செய்து, அதன்பின் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் செய்யும் வரை, இந்த ஏற்பாடு நீடிக்கும் என்று மற்றொரு 'ஷல்'.

இரண்டாவது வேலிதான் பெரிது. முதன்முறையாக, யார் கேட்டால் ஆங்கிலம் நீங்கும் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். சாவி எவரிடம் என்று சட்டமே சொல்லிற்று. ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலும் கதவு திறக்காது. வெறும் 'ஷல்' ஒன்றை 1963இல் பெற்றிருந்தால்கூட இவ்வளவு காப்பு கிடைத்திராது என்பதே என் கணிப்பு. 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததைக் காட்டிவிட்டதே. கேட்டது ஒரு சொல். கிடைத்தது அதைவிட வலிய ஓர் ஏற்பாடு. பின்னர் 1976இல் மத்திய அரசு ஆட்சிமொழி விதிகளை வகுத்தபோது, அவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் செல்லும் என்று முதல் விதியிலேயே எழுதவேண்டியதாயிற்று.

இவ்வளவையும் கேட்ட அந்தத் தங்கை, "அப்படியானால் 'மே' ஒழிந்தது, அல்லவா?" என்றார்.

ஒழியவில்லை. அவர் வீட்டிலிருந்து மேலூர்ச் சாலையிலேயே சென்றால், உலகனேரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 சூலை 24இல் திறக்கப்பட்டது. அதன் நடவடிக்கை எந்த மொழியில்? 348ஆம் பிரிவு சொல்கிறது: ஆங்கிலத்தில். இரண்டாம் உட்பிரிவு ஒரு சாளரம் வைத்திருக்கிறது. குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு, ஆளுநர், இந்தியையோ மாநிலத்தின் ஆட்சிமொழியையோ உயர்நீதிமன்ற நடவடிக்கைகளில் பயன்படுத்த இசைவு அளிக்கலாம். 'லாம்'! மீண்டும் அதே 'மே'.

இராசத்தானுக்கு 1950இல் அந்தச் சாளரம் திறந்தது. உத்தரப் பிரதேசத்துக்கு 1969இல், மத்தியப் பிரதேசத்துக்கு 1971இல், பீகாருக்கு 1972இல். நான்கும் இந்தி மாநிலங்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2006 டிசம்பர் 6ஆம் நாள், உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2010இல் மதுரை வழக்கறிஞர்கள் உண்ணாநிலை இருந்தனர். உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது மத்திய அரசு. 2012 அக்டோபரில் உச்சநீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி, தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளுக்கான வேண்டுகோளை ஏற்க இயலாது என முடிவு செய்தது. நான்கு மாநிலங்களுக்கு 'ஷல்' போல் நடந்துகொண்ட 'மே', நமக்கு 'மே நாட்' ஆயிற்று.

இதிலே நமக்குச் சற்றுச் சங்கடம் தரும் செய்தி ஒன்றும் உண்டு. இந்தி என்னும் வெள்ளத்தைத் தடுக்கக் கரையாக நாம் காத்த ஆங்கிலம், இங்கே மேலூர் உழவனுக்கும் அவன் வழக்குக்கும் நடுவே மதிலாக நிற்கிறது. தன் நிலத்தைப் பற்றித் தன் வழக்கறிஞரும் நீதிபதியும் பேசிக்கொள்வது என்னவென்று அறியாமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் அவன். வெளியே வந்து "என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறான்.

தங்கை குறிப்பேட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் 'மே' என்று எழுதிக்கொண்டார். எதிரே எழுதவேண்டிய பொருளைப் பிறகு எழுதுகிறேன் என்றார். பட்டம் பெற்றபின் அவர் வழக்காடப் போவது அந்த உலகனேரி நீதிமன்றத்தில்தான், ஆங்கிலத்தில்.